விசிறி இல்லாத கார்டு

ஏங்க,
சாப்பாடு மேஜைமேல் மூடியிருக்கிறது. நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

சாட்டிலைட் டிவி நம் கம்ப்யூட்டரில் தெளிவாக வர இரண்டு விசிறி வைத்த கிராபிக்ஸ் கார்டுதான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றீர்களே, அதைக் கழற்றிவிட்டேன். முறைக்காதீர்கள். நான் அன்றே சொன்ன, விசிறியே இல்லாத சின்னக் கார்டை மாட்டினேன். படம் துளிகூடத் திக்கவில்லை, இரைச்சலும் இல்லை!

டிவி சத்தத்தைப் பாதியாகக் குறைத்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா பதறியடித்து வந்தார்.

"என்னடி, டிவி ரிப்பேரா? அந்த மாமியார் பால்ல விஷம் கலந்தாளா இல்லையான்னே தெரியலையே!"

உங்கள் விசிறியின் இரைச்சலை மீறிக் கேட்கட்டுமென்று நாம் அலறவிட்ட டிவியை, இத்தனை நாளும் சுவரில் காதை வைத்தே கேட்டிருக்கிறார் மகராசி. என் கார்டு ஜெயித்ததற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பழைய கார்டைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாராம். நீங்களே கொடுங்கள்.

பி.கு.: இந்தக் கார்டுக்காகச் சண்டை போட்டதிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறீர்கள். ராத்திரி நான் வந்ததும் "நீ சொன்னதுதான் சரி"ன்னு ஒரு தடவை சொல்லுங்கள். ஹால் அமைதியாகிவிட்டது, மெதுவாகச் சொன்னாலே எனக்குக் கேட்கும். சத்தமாகச் சொன்னால் அக்காவுக்கும் கேட்கும். எனக்கு அதுதான் இஷ்டம்.