உன் பைக்கின் முன்கண்ணாடியும் அப்பாவின் சுத்தியலும்

என் ஆசைத் தம்பி மணிப் பயலே,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். நீ இருந்தபோதும் உன்னிடம் கத்தாமல் பேசிய நாட்கள் குறைவு. செத்துப்போனதால் மரியாதை கொடுப்பேன் என்று நினைக்காதே. அங்கேயும் என் குரல் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வாயா?

உன் பைக் ஓடுகிறது. உன் அக்கா நான்தான் ஓட்டுகிறேன். நம் வீட்டு வாசலில் அது நிற்பதற்கு எவ்வளவு அடிதடி நடந்தது என்று உனக்குத் தெரியாது. சொல்கிறேன், கேள்.

நல்லூர் சாலையில், பொழுது சாய்ந்த நேரத்தில், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று டயர் வெடித்து நடுரோட்டில் நின்றது. பின்னால் ஒரு சிவப்பு விளக்கு இல்லை. நீ நேராகப் போய் அதில் மோதி விழுந்தாய். ஹெல்மெட் உன் தலையைக் காப்பாற்றிவிட்டது. ஆனால் பைக்கின் முன்னால் காற்றை மறைக்க நீ ஆசை ஆசையாகக் கறுப்பு ஃபிலிம் ஒட்டி மாட்டியிருந்த பிளாஸ்டிக் கண்ணாடி நொறுங்கி, அதில் ஒரு துண்டு உன் கழுத்தில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். அப்பாவின் காதில் விழுந்தது ஒரே வார்த்தை, கண்ணாடி. டிராக்டர்காரன் ஓடிப்போனான். அவனை அப்பா தேடவே இல்லை.

உன் காரியம் முடிந்த கையோடு வண்டியை வெட்டி எடைக்குப் போடச் சொன்னார். நான் முடியாது என்றேன். செராமிக் கம்பெனியில் எனக்கு இரண்டாவது ஷிப்டு. ஷிப்டு முடியும் முன்பே நம் ஊருக்குக் கடைசி பஸ் போய்விடும். அப்பா வேலையை விடச் சொன்னார். விட்டுவிட்டு என்ன செய்வது? அம்மா உன் படத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள், நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் மணி.

மெக்கானிக்கிடம் கொடுத்து வளைந்துபோன முன்சக்கர ஃபோர்க்கை நிமிர்த்தினேன். புதுக் கண்ணாடி ஒன்று மாட்டிக் கொண்டுவந்தேன். அப்பா அதைப் பார்த்ததும் உள்ளே போனார். வேலைக்கு எடுத்துப்போகும் சின்னச் சுத்தியலை எடுத்து வந்தார். அப்பாவின் வேலை உனக்குத் தெரியும். சூளையிலிருந்து வரும் பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டுவார். ணங் என்றால் கூடைக்குப் போகும். டொக் என்றால் உள்ளே விரிசல், அங்கேயே போட்டு உடைத்துவிடுவார். முழுசாக விட்டால் எவனாவது பொறுக்கிப்போய் மாட்டி, எவனாவது ஷாக் அடித்துச் சாவான் என்பார். தன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே வேலை.

அதே சுத்தியலால் கண்ணாடியைத் தட்டினார். டொக் என்றது.

"விரிசல் வுட்டிருக்குது," என்றார்.

"யப்பா, அது பிளாஸ்டிக்கு. பீங்கான் இல்ல. எப்படித் தட்டுனாலும் அப்படித்தான் கேக்கும்!"

நான் சொல்லி முடிக்கும் முன் ஓங்கி அடித்தார். கண்ணாடி வாசல் முழுக்கச் சிதறியது. மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தியது.

அடுத்து ஒன்று வாங்கி வந்தேன். அதையும் தட்டினார், டொக், உடைத்தார். இந்தத் தடவை நான் அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். தவிட்டுத் தொட்டியில் இடுப்பு மோதி உட்கார்ந்துவிட்டார். அம்மா ஓடி வந்து என்னை அறைந்தாள். காது ரெண்டு நாளைக்கு இரைந்துகொண்டே இருந்தது. பெற்ற அப்பனைத் தள்ளினவளுக்கு அது போதாதுதான். ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கும் நிலையில் நான் இல்லை.

கண்ணாடி இல்லாமலே ஓட்டித் தொலையேன் என்று நீ கேட்பாய். ஓட்டலாம். பூச்சியும் காய்ந்த கரும்புச் சோகையும் முகத்தில் அடிக்கும், பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் உடைக்க உடைக்க எனக்கு வீம்பு ஏறியது. உன் வண்டி நீ விட்டுப்போன மாதிரியே நிற்க வேண்டும் என்று இருந்தது. அது தப்பா?

மெக்கானிக்கிடம் பெரிய பைக்கிலிருந்து கழற்றிய பழைய கண்ணாடி ஒன்று கிடந்தது. பாலிகார்பனேட், சுலபத்தில் உடையாது என்றார். ஆனால் உயரம் அதிகம். உட்கார்ந்து பார்த்தால் அதன் மேல்விளிம்பு சரியாக என் கண்ணுக்கு நேராக வந்தது, ரோடு ரெண்டாகத் தெரிந்தது. வீட்டிலேயே குறைத்துவிடலாம் என்று தூக்கி வந்தேன். அகலமான டேப்பை ஒட்டி, மார்க்கரால் வளைவாகக் கோடு போட்டு, ஆக்சா பிளேடால் மெதுவாக அறுத்தேன். அம்மா மறுபக்கம் பிடித்துக்கொண்டாள். என்னோடு பேசவில்லை, ஆனால் பிடித்தாள். விளிம்பை உப்புத்தாள் போட்டுக் கன்னத்தில் உரசிப் பார்க்கும் அளவுக்குத் தேய்த்தேன். கழுத்தை நினைத்துக்கொண்டே தேய்த்தேன்.

பிறகு நிறம். உனக்குக் கறுப்புதானே வேண்டும்? மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சும் அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்து, நைலான் துணிக்குப் போடும் கறுப்புச் சாயத்தைக் கரைத்துக் கண்ணாடியை முக்கினேன். குச்சியால் அமுக்கி அமுக்கி எடுத்ததில் டீத்தண்ணீர் நிறம்தான் ஏறியது. சிரிக்காதே. மேலே குறைத்துவிட்டதால் ரோட்டை நேராகப் பார்க்கலாம், நிறம் அழகுக்கு மட்டும்தான்.

மாட்டி முடித்தபோது அப்பா வந்தார். கையில் சுத்தியல். நான் வண்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"எறங்குடி."

"எறங்க மாட்டேன். அடிக்கறதுன்னா என்ன சேத்து அடி."

தட்டினார். டொக். என் கண்ணையே பார்த்தார். ஓங்கி ஒரு போடு போட்டார். கண்ணாடி வளைந்து நிமிர்ந்தது. சுத்தியல் துள்ளித் திரும்பி அவர் நெற்றியில் அடித்தது. புருவத்திலிருந்து ரத்தம் ஒழுகியது. அம்மா, "அய்யோ, வுட்டுடுய்யா!" என்று அலறினாள். அவர் விடவில்லை. மறுபடி அடித்தார், மறுபடியும். ரத்தம் கண்ணுக்குள் இறங்க இறங்க அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் ஹேண்டில்பார் என் கையில் உதறியது. நான் விடாமல் பிடித்துக்கொண்டு, "அடி! நல்லா அடி!" என்று கத்தினேன். எங்கள் இரண்டு பேரில் யாராவது ஒருவர் செத்தால்தான் நிற்கும் போல இருந்தது.

கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகத் தழும்புதான் விழுந்தது. ஒரு சில்லுகூடப் பெயரவில்லை.

சுத்தியல் கீழே விழுந்தது. அப்பா ரத்தக் கையால் கண்ணாடியைத் தடவினார். விளிம்பு முழுக்க விரலை ஓட்டிப் பார்த்தார்.

"ஒடையலியே," என்றார். "ஒடையவே மாட்டேங்குதே. இத அவன் வண்டியில மாட்டியிருந்தா எம்புள்ள இருந்திருப்பானேடி."

அப்போதுதான் மணி, நீ போனதற்கு அப்பா அழுதார். உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அழாதவர், வண்டியின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு மாடு மாதிரிக் கதறினார். நான் இறங்கி அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன். என் சுடிதார் முழுக்க அவர் ரத்தம்.

"யப்பா, கண்ணாடியா ரோட்டு நடுவுல நின்னுச்சி?" என்று கேட்டேன். "வெளக்கு இல்லாம நின்னது யாரு?"

மறுநாள் அப்பா, ஓடிப்போன அந்த டிராக்டர்காரனின் ஊர் எது என்று முதல் முறையாக என்னிடம் கேட்டார். புருவத்தில் தையலோடு என் பின்னால் உட்கார்ந்து போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தார். கேஸ் என்ன ஆயிற்று என்று மேஜையில் அறைந்து கேட்டார். போலீஸ்காரர்கள் போட்ட சத்தத்துக்கு மேல் இவர் சத்தம் போட்டார்.

உனக்கு ஒன்று சத்தியம் செய்கிறேன். இனி அந்தச் சாலையில் விளக்கு இல்லாமல் ஒரு கரும்பு வண்டி நின்றாலும் தாண்டிப் போக மாட்டேன். இறங்குவேன். டிரைவரின் சட்டையைப் பிடிப்பேன். உன் பெயரைச் சொல்லிக் கேட்பேன். அவன் பின்னால் ஒரு சிவப்பு வெளிச்சம் எரிகிறவரை அங்கேயே நிற்பேன். நேற்று எனக்கு வார லீவு, சாயங்காலம் நானும் அப்பாவும் அப்படித்தான் ஒருவனிடம் நின்றோம். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அப்பாவுக்கு இன்னும் கட்டவில்லை.

உன்னைத் திட்டுவதை இன்னும் நிறுத்தாத,
உன் கூடப்பிறந்த அக்கா