புன்னைத்துறை மணியின் நாவைக் கட்டியவர்களுக்கு

மழை தவறாது பொழிக. வலை வறிதே திரும்பாதிருக்க. வெண்டிரை நாட்டின் கோப்பெருமாட்டி, முப்பது துறைக்கும் காவல் பூண்டவர், ஏழை வழக்குரைக்க வந்தால் எழுந்து நின்று கேட்பவர், ஆழிமாதேவியாரின் ஆணைப்படி பேரமைச்சர் கீரனார் எழுதுவித்த ஓலை இது. புன்னைத்துறையின் நாயகர் அலைவாய் அரையர், தம் சுற்றமும் காவலரும் சூழ, நின்றபடி இதைக் கேட்க. உம் துறைக்கு எல்லா நலமும் உண்டாகுக என்று தொடங்குவது ஓலை மரபு. பதினொரு பேரைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் துறைக்கு அந்தச் சொல்லை எழுத அமைச்சருக்குக் கை கூசிற்று. மரபை மீற மனமின்றி எழுதினார்.

ஒன்பது நாள் முன்பு உம் ஓலை தலைநகர் வந்து சேர்ந்தது. கன்னார் தெருவில் மணி வார்க்கும் பூதன் நீலி என்பவள் வெண்கலத்தில் கள்ளக் கலப்புச் செய்தாள் என்றும், அவள் வார்த்த மணிகளின் பொய்க்குரலை நம்பி மூன்று படகுகள் மூடுபனியில் ஆமைக்கல்லில் மோதி உடைந்தன என்றும், வரும் முழுநிலா நாளில் அவள் வலக்கையைத் துணிக்க அரச முத்திரை வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தீர். அமைச்சர் முத்திரையைக் கையில் எடுத்தும் விட்டார். ஓலையின் கடைசி வரியில், அப்பெண் இசைக்கண்காணி பொற்செழியரைப் பார்த்து, மணியின் நாவைக் கட்டிய பாவி என்று ஏசியதாகவும் ஒரு குற்றம் சேர்த்திருந்தீர். நாவைக் கட்டுவதாவது, என்ன கதை இது என்று விளங்காமல், அமைச்சர் முத்திரையைக் கீழே வைத்துவிட்டுப் புறப்பட்டு வந்தார். குடையும் முரசும் இன்றி வந்தார். சொல்லி அனுப்பியிருந்தால் நீர் தோரணம் கட்டியிருப்பீர். மணியின் நாவில் கட்டியதை அவிழ்த்தும் இருப்பீர்.

அரையரே, நம் நாட்டில் வார்க்கும் மணி எதுவாயினும், முடிசூட்டு விழாவில் ஊதிய வலம்புரியின் சுருதிக்கே ஒலிக்க வேண்டும் என்பது முன்னோர் வகுத்த முறை. துறைமணி ‘வா’ என்று அழைக்கிறது. ஆமைக்கல்லில் அலை அசைத்து ஒலிக்கும் மணி ‘விலகு’ என்று எச்சரிக்கிறது. இரண்டுக்கும் சுருதி ஒன்றே. அப்படியிருக்க, முகத்துக்கு நேரே நீட்டிய கையே தெரியாத பனியில், எது துறை, எது பாறை என்று பரதவர் எப்படி அறிந்து வந்தார்கள்? எட்டு ஆண்டு துறையை ஆண்ட உமக்கு இது தெரியவில்லை. அமைச்சருக்கும் தெரிந்திருக்கவில்லை, அதைச் சொல்ல அவர் வெட்கப்படுகிறார், ஆயினும் சொல்கிறார்.

சிறையில் இருந்த நீலியிடம் அவர் கேட்டார். அவள் தண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்து வைத்து, முன்றானையை விரலில் சுற்றித் தட்டினாள். மொத்தென்று ஓர் ஒலி எழுந்து அடங்கிற்று. பிறகு கைவிலங்கின் இரும்பால் தட்டினாள். அடியில் அதே சுருதிதான், ஆனால் அதன் மேல் மெல்லிய ஒலிகள் பல கூடவே கிளம்பி, செம்பின் குரலே வேறாகிப் போயிற்று. எந்த ஒலியும் தனியே பிறப்பதில்லை என்றும், அதனோடு பிறக்கும் அவற்றை உடனொலி என்று தம் தெருவில் சொல்வார்கள் என்றும், அடியொலி இன்ன சுருதி என்று காட்ட, இன்னாருடைய குரல் என்று காட்டுபவை உடனொலிகளே என்றும் அவள் விளக்கினாள். அக்காளும் தங்கையும் ஒரே சுருதியில் பாடினாலும், அடுக்களையில் இருக்கும் தாய்க்கு யார் பாடுவது என்று தெரிகிறதே, அது இவற்றால்தான் என்றாள். துறைமணியின் விளிம்பை இழைத்து உடனொலிகளை இணங்க வைத்தவள், ஆமைக்கல் மணியின் விளிம்பைத் தடிப்பாக விட்டு, அவை ஒன்றோடொன்று உரசிக் காது கூசும்படி வேண்டுமென்றே வார்த்திருக்கிறாள். அந்தக் கூச்சம்தான் இருபது ஆண்டு உம் படகுகளைக் காத்தது.

அரண்மனை இசைக்கண்காணியார் உம் துறை விழாவுக்கு வந்தார். ஒரு மணியில் பல குரல் கேட்கிறது, இது கலப்படம், ஒரு மணிக்கு ஓர் ஒலியே முறை என்றார். துறைமணியின் நாவுக்கு இரட்டை மான்தோலால் உறை தைத்துப் போட்டார். அதோடு நின்றாரா? கடல் அமைதியாய் இருந்த நாள் பார்த்துப் படகேறிப் போய், ஆமைக்கல் மணிக்கும் போட்டுவிட்டு வந்தார். நீலி ஓடி வந்து காலில் விழுந்தாள். உருக்குவது உன் வேலை, கேட்பது கற்றோர் வேலை என்று நீர் அவளைத் துரத்தினீர். மூன்றாம் நாள் பனி இறங்கிற்று. உயிரோடு கரையேறிய ஒரே மீகாமன் சேந்தன் சொன்னதை அமைச்சர் ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுவிக்கிறார்: “நம்ம மணிதான் கூப்புடுதுன்னு நெனச்சேன் சாமி. ரெண்டும் ஒண்ணாவே கேட்டுச்சு. என் தம்பிய நானே கொண்டுபோய்ப் பாறையில அடிச்சிட்டேன்.”

அவன் தன்னையே குற்றவாளி என்று எண்ணி அழுகிறான். உண்மைக் குற்றவாளிகளோ இன்னொருத்தியின் கையை வெட்ட முத்திரை கேட்கிறார்கள்! அமைச்சர் மீண்டு வந்து சொல்ல, இதைக் கேட்ட கோப்பெருமாட்டி அன்று உணவு கொள்ளவில்லை. தமக்கு விளங்காத ஒலியெல்லாம் குற்றம் என்று கொள்ளும் செவியைக் கற்ற செவி என்று அரண்மனை இத்தனை காலம் போற்றியதே என்று அமைச்சருக்கு நெஞ்சு எரிகிறது.

ஆதலால் ஆணை. இவ்வோலை படித்து முடியுமுன் நீலியின் விலங்கு கழற்றப்படுக. உறை நீங்கும்வரை பரதவர் படகு எதுவும் கடல் ஏற வேண்டாம். அடுத்துப் பனி இறங்கும் முதற்காலையில், நீரும் பொற்செழியரும் ஒரு சிறு படகில் ஆமைக்கல்லுக்கு அப்பால் சென்று, மணியொலி ஒன்றையே துணையாகக் கொண்டு துறைக்கு மீள்க. ஆளுக்கொரு துடுப்பு, வேறெவர் உயிரையும் உடன் ஏற்ற வேண்டாம். ஏறுமுன், இறந்தோர் பதினொருவரின் வீட்டாரும் கூடி நிற்க, மணிகளின் உறை இருக்கலாமா, அவிழ்க்கலாமா என்று சேந்தன் உங்களை ஒருமுறை கேட்பான். இருக்கட்டும் என்றால் படகு ஏறுக. அவிழ்க்கவே வேண்டும் என்றால், நீலி தன் வலக்கையால் அவிழ்ப்பாள். நீங்கள் இருவரும் படகு ஏற வேண்டாம், நேரே அறமன்றம் வந்து தண்டனை கேட்டுக்கொள்க.

கோப்பெருமாட்டியின் சங்கு முத்திரை இட்டு, மார்கழித் திங்கள் பதினோராம் நாள் விடுத்த ஓலை. கடலும் கரையும் இதற்குச் சான்று. மறுமொழியாக நீண்ட விளக்கம் எதுவும் வேண்டாம்; சேந்தனிடம் நீங்கள் சொல்லும் அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதி அனுப்புக.