பிளக்கை வெட்டியவளுக்கு

இன்று காலை பழைய இரும்புக்காரர் வந்திருந்தார். மைக்ரோவேவை வாசலில் கொண்டுவந்து வைத்ததும் அதன் ஒயரைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பிளக்கு எங்கக்கா? யாரோ வேணும்னே வெட்டுன மாதிரில்ல இருக்கு" என்றார். சொல்லிக்கொண்டே அவர் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்து, செம்புக் கம்பி எடுப்பதற்காகப் பின்மூடியில் ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டார். நான் போட்ட சத்தத்தில் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்கள்.

"பிளக்கப் புடுங்கிட்டா செத்துப்போச்சுன்னு நெனைக்காதடி. கரண்டச் சேத்து வச்சுக்கிட்டு உள்ள ஒரு டப்பா உக்காந்திருக்கும். தொட்டா ஆளத் தூக்கிரும்" என்று நீ சொன்னதைத்தான் அந்த மனிதரிடம் அப்படியே கத்தினேன். இத்தனை மாதம் கழித்து அதில் ஒன்றும் இருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் நீ சொன்னதைத் தட்டி ஒருமுறை பட்டது போதும். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, திறக்காமலே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அப்போதிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அது வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே உனக்கு அதைப் பிடிக்கவில்லை. என் மகள் அமெரிக்காவிலிருந்து பெங்களூருக்குக் குடிவந்தபோது கப்பலில் வந்த சாமான்களில் ஒன்று. அங்கே நூற்றிருபது வோல்ட், இங்கே இருநூற்று முப்பது. நேரே மாட்டினால் புகைந்துவிடும் என்பது எனக்கும் தெரியும். நான் ஒன்றும் அவ்வளவு மக்கு இல்லை. கீழராஜ வீதியில் ஒரு கடையில் போய், வோல்ட்டைக் குறைக்கும் பெட்டி ஒன்று வாங்கிவந்து நடுவில் வைத்தேன். ஓடியது. ஓடினால் சரிதானே என்று இருந்துவிட்டேன்.

எனக்கு அது எதற்குத் தேவைப்பட்டது என்பது உன்னைவிட யாருக்குத் தெரியும்? என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. காலை எட்டு மணி பஸ்ஸில் நான் நார்த்தாமலைப் பள்ளிக்கூடத்துக்குப் போனால் திரும்ப ஐந்தாகிவிடும். அதுவரை அவர் தனியாள். ஒற்றைக் கையால் அடுப்பைப் பற்றவைக்க முடியாது, பிளாஸ்க் மூடியைத் திருக முடியாது. பதினோரு மணிக் கஞ்சியை ஆறிப்போன பிறகுதான் குடிப்பார். மைக்ரோவேவில் கதவைத் திறந்து கிண்ணத்தை வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு போன் பண்ணி, "நானே சுடவச்சுக் குடிச்சேன்" என்றார். ஆசிரியர்கள் அறையில் எல்லோரும் இருந்தார்கள். நான் மாடிப்படிக்குக் கீழே போய் நின்று அழுதேன்.

நீ வந்து பார்த்தது அதற்கு அடுத்த ஞாயிறு. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் லேபிலேயே வேலை பார்த்து ரிட்டையர் ஆனவள் நீ. காபியைக்கூடத் தொடாமல் பெட்டிக்குப் பின்னால் தலையைவிட்டாய். மைக்ரோவேவ் அடுப்பின் மேல் எழுதியிருக்கிற ஆயிரம் வாட்ஸ் சமைக்கிற சூடு, அது இழுக்கிற கரண்ட் அதற்கும் மேலே, இந்தப் பெட்டி அதைத் தாங்காது என்றாய். பிறகு, மூன்று கால் பிளக்கை இரண்டு ஓட்டைக்குள் நுழைக்க நான் மாட்டியிருந்த அடாப்டரைக் கையில் எடுத்து, "எர்த்து எங்கடி போகுது?" என்று கேட்டாய். எங்கும் போகவில்லை. கசிகிற கரண்ட் மண்ணுக்குப் போகாமல் தொடுகிறவர் மேல்தான் பாயும் என்றாய். "ஓடுதுல்ல, விடு" என்றேன்.

அப்புறம்தான் கடிகாரத்தைக் காட்டினாய். அடுப்பின் முகப்பில் பச்சை எழுத்தில் நேரம் ஓடும். அது எப்போதும் பிந்தியே காட்டுகிறதே என்று நானும் தினமும் திருத்திவைத்துக்கொண்டிருந்தேன். நீ பத்து மணிக்குச் சரியாக வைத்துவிட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாய். உன் கைக்கடிகாரத்தில் பதினொன்று ஆனபோது அதில் பத்து ஐம்பது. "பாத்தியா? அங்க கரண்டு நொடிக்கு அறுவது சுத்து. இங்க அம்பது. அத எண்ணித்தான் இது மணி காட்டுது. வோல்ட்டக் குறைக்கலாம்டி, சுத்த மாத்த இந்தப் பெட்டிக்கு வழி கெடையாது. உள்ள இருக்குற டிரான்ஸ்பார்மர் அந்த வித்தியாசத்தச் சூடாத்தான் தாங்கிக்கிட்டு இருக்கு" என்றாய். உள்ளூர் வோல்ட்டுக்குச் செய்த அடுப்பாக ஒன்று வாங்கலாம், இதை ஒரு நாள்கூடத் தனியாக இருக்கிற மனுஷன் கையில் கொடுக்காதே என்றும் சொன்னாய். லீவு விடட்டும், மகளிடம் கேட்டு வாங்குகிறேன் என்று நான் தள்ளிப்போட்டேன்.

பொய் சொல்லக் கூடாது, அன்றிலிருந்து எனக்கும் பயம்தான். பதினோரு மணி நெருங்கினால் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும் கை நின்றுவிடும். அவர் போன் வரும்வரை பாடம் ஓடாது. மாலையில் வந்ததும் பெட்டியைத் தொட்டுப் பார்ப்பேன். சில நாள் சாயங்காலம்கூட லேசாகச் சூடு இருக்கும், வார்னிஷ் கருகிய வாடை வரும். இருந்தும் அதை எடுத்துவிட மனசு வரவில்லை. அவர் முகத்தில் வந்திருந்த தெளிவை எப்படி எடுப்பது?

ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் போன் வரவில்லை. பதினொன்றேகாலுக்கு நான் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். பன்னிரண்டுக்கு எடுத்து, "தூங்கிட்டேன்" என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒயர் வெட்டப்பட்டுக் கிடந்தது. நீ வந்தாய், கட்டிங் பிளேயரால் வெட்டி பிளக்கைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாய் என்று சுவரைப் பார்த்தபடி சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்பு போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் உன் வீட்டுக்கு வந்தேன். நீ கதவைத் திறந்ததும் திறக்காததுமாக என் வாயிலிருந்து அது வந்தது. உன் வீட்டுக்காரர் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அது தெரிந்தே சொன்னேன். "கட்டுனவன் வீட்டுல இருந்தாத் தெரியும்டி ஒனக்கு. ஒத்தையில கெடக்குறவளுக்கு அடுத்தவ புருஷன் சந்தோஷம் கண்ணக் குத்துதோ?"

நீ கதவைப் பிடித்தபடி நின்றாய். "சரிடி. நாளையிலேர்ந்து பதினோரு மணிக்கு நான் போயி கஞ்சியச் சுடவச்சுக் குடுத்துர்றேன். நீ நிம்மதியா பள்ளிக்கூடம் போ" என்றாய். நான் தலையைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

எட்டு மாதம் நாம் பேசவில்லை. நான் எட்டு மணிக்குப் போவேன், நீ பதினோரு மணிக்கு வருவாய். நான் வரும்போது கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருக்கும். மழை என்று, உடம்புக்கு முடியவில்லை என்று ஒரு நாள் நீ நிறுத்தியதில்லை. அவர் இரண்டு மூன்று முறை பேச்சை எடுத்தார். "ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று நான் அடக்கிவிட்டேன். வீம்பு. நாளைக்குப் பேசலாம், பொங்கலுக்குப் பேசலாம் என்று எனக்கு நானே தவணை சொல்லிக்கொண்டேன். அதற்குள் நீ காய்ச்சல் என்று படுத்தாய். திருச்சி ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேர்ந்தபோது உன் தம்பி வெளியே தனியாக நின்றுகொண்டிருந்தார். அவர் நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். அவர் இடது கையை என் கைமேல் வைத்து, "அந்த ஒயர நான்தான் வெட்டச் சொன்னேன்" என்றார்.

அந்த வியாழக்கிழமை அவர் கையைக் கழுவிவிட்டு ஈரத்தோடு அடுப்பின் கதவைத் திறந்திருக்கிறார். கரண்ட் பிடித்து உதறியிருக்கிறது. பக்கத்தில் இருந்த கிண்ணத்தையும் தட்டிவிட்டுக் கீழே விழுந்து, எழ முடியாமல் கிடந்து, எப்படியோ போனை எட்டி எடுத்து உன்னைக் கூப்பிட்டிருக்கிறார். நீ ஓடிவந்து தூக்கி உட்காரவைத்து, சிந்திய கஞ்சியைத் துடைத்திருக்கிறாய். இனி யாரும் அதை மாட்டாதபடி ஒயரை வெட்டிவிடு என்று அவர்தான் சொல்லியிருக்கிறார். "அவகிட்டச் சொல்லிராத தாயி. தெரிஞ்சா வேலைய விட்டுட்டு என் பக்கத்துலயே உக்காந்துருவா" என்று அவர் கெஞ்சியிருக்கிறார். சொல்ல மாட்டேன் என்று நீ கொடுத்த வாக்கை, உன் வாசலில் நான் நின்று கத்தியபோதும் நீ விடவில்லை.

அவரைத் திட்டினேன். அழுதேன். பிறகு இருவரும் அழுதோம்.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். பதினோரு மணிக் கஞ்சியை நானே சுடவைத்துக் கொடுக்கிறேன். அவர் குடித்து முடிக்கிறவரை நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை. உன் வாசலில் நான் சொன்னது அந்த நேரத்தில் தவறாமல் என் காதில் கேட்கிறது. அவருக்கும் அதை ஒரு நாள் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, "அதையும் அந்தப் புள்ள எங்கிட்டச் சொல்லலயே" என்றார்.