சனிக்கிழமை மட்டும் ஓடாத கால்கள்

மார்ச் 8, சனி

காலை ஏழு மணிக்குக் கால்பந்து லீக்கில் எங்கள் பங்குப் பையன்களின் முதல் ஆட்டம். அறுபது நிமிடம் வரை பந்து எங்களிடம்தான். பறிபோனால், பறிபோன இடத்திலேயே நாலு பேர் துரத்திப் பிடுங்கினோம். 2-0. பார்க்கப் பார்க்கச் சந்தோஷம்! பிறகு ஒருவனுக்கும் கால் எழவில்லை. பின்வரிசையோ நடுக்கோடு வரை ஏறி நிற்கிறது, அதன் பின்னால் வெறும் புல்தரை. தலைக்கு மேல் மூன்று நீளப் பந்து, மூன்று கோல். தோல்வி.

மார்ச் 9, ஞாயிறு

பூசை முடிந்ததும் பங்கு விளையாட்டுக் கமிட்டித் தலைவர் ஞானசேகரன் பிடித்துக்கொண்டார். “ஜோசஃபின் டீச்சர், இப்படி ஏறி நின்னு தொரத்தறதெல்லாம் டிவில நல்லாருக்கும். செமிக்குப் போகலேன்னா வேற கோச்தான் பாக்கணும்.”

பி.டி. டீச்சர் என்றால் விசில் ஊத மட்டும்தானா?

மார்ச் 15, சனி

1-1. மறுபடி அதே அறுபதாவது நிமிடம். செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் பறக்கிறார்கள். சனிக்கிழமை மட்டும் என்ன வந்தது?

மார்ச் 18, செவ்வாய்

கேப்டன் கிளிஃபர்டைத் தனியாகப் பிடித்து, வெள்ளிக்கிழமை என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான்.

“ஒண்ணும் இல்ல டீச்சர். தவக்காலம்ல, வெள்ளிக்கிழமை டீம் ஃபுல்லா ஒருசந்தி விரதம். ஜெயிக்கணும்னு வேண்டுதல். மேட்ச் முடியற வரைக்கும் தண்ணி மட்டும்தான்.”

அட பாவிகளா! ஜெயிப்பதற்காகப் பட்டினி கிடந்தா தோற்றோம்? சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. விட்டுவிடுங்களேன் என்றேன்.

“வேண்டுதலைப் பாதில விடக்கூடாது டீச்சர். இப்போ உங்களுக்காகவும் சேத்து வேண்டிக்கிறோம்.”



மார்ச் 20, வியாழன்

வேண்டுதல் இருக்கட்டும், ஆட்டத்தை மாற்றுகிறேன். பந்து போனால் ஐந்து எண்ணும் வரைதான் துரத்தல். கிடைக்கவில்லையா, எல்லோரும் பின்னால் இறங்கிவிட வேண்டும். பந்து நம்மிடம் இருக்கும்போது அவசரமே கூடாது. அதுதான் ஓய்வு.

மார்ச் 21, வெள்ளி

நானும் ஒருசந்தி. மதியத்துக்குள் ஒன்பதாம் வகுப்பைக் காரணமில்லாமல் திட்டிவிட்டேன்.

மார்ச் 22, சனி

1-0! கடைசி இருபது நிமிடம் பந்தைத் தங்களுக்குள் மெதுவாகச் சுற்றவிட்டே மூச்சு வாங்கிக்கொண்டார்கள். அரையிறுதி. விசில் ஊதியதும் கைகூடக் குலுக்காமல் எல்லோரும் ஓட்டலுக்கு ஓடினோம். நான் மூன்று பிளேட் இட்லி.

மார்ச் 23, ஞாயிறு

கோயில் வாசலில் ஞானசேகரன். வேறு கோச் பேச்சை எடுக்கவே இல்லை.

“ஒருசந்தி விஷயம் கேள்விப்பட்டேன். அடுத்த வருஷம் தவக்காலத்துல சனிக்கிழமை மேட்ச் வைக்காதீங்கன்னு லீக்குக்கு எழுதிட்டேன் டீச்சர். உங்க பசங்க தாங்க மாட்டாங்க.”