பதினேழு அதிரசத்திற்கு மறுமொழி

நலம் முந்துக. மூன்று புறம் கழியும் ஒரு புறம் கடலும் வேலியாக நிற்க, உப்பும் நெல்லும் ஒருங்கே குவியும் புன்னைத்துறை நாட்டுக்கு உடையவர், ஆழியூர் அரியணையில் ஏழாண்டாகத் தனிக்கோல் செலுத்துபவர், விண்ணேகிய நெடுவேளாரின் தேவியார், பேரரசி வெயினி நாச்சியார் திருவாய் மலர்ந்தபடி எழுதப்பட்டு, குன்றும் கடம்பும் சூழ்ந்த கடம்பை நாட்டின் காவலர், எதிர்த்தவர் மார்பில் வேல் பதித்தவர், இரவலர்க்கு இல்லை என்னாதவர், மாமன்னர் அடலேறனார் திருமுன் வைக்கப்படும் ஓலை. தங்கள் நாட்டில் மழை பருவம் தப்பாமல் பெய்க. ஏரிகள் கரை தொட்டு நிற்க. தங்கள் குடிகள் மூன்று வேளையும் வயிறார உண்க. தாங்கள் உண்ணும் உணவைப் பற்றிய சொல் இவ்வோலையின் பிற்பகுதியில் வரும்.

சென்ற அறுவடை விருந்தில், ஐந்து நாட்டுத் தூதர்கள் நடுவே, தாங்கள் ஓர் ஓலையை வாசிக்கச் செய்து சிரித்தீர்கள். அது எங்கிருந்து வந்தது என்பதைத் தாங்கள் அரைகுறையாகவே அறிவீர்கள். அரைகுறையாக அறிந்ததற்கு வாய்விட்டுச் சிரிப்பது அரசர்க்கு அழகன்று. ஆகவே முழுதும் சொல்லப்படுகிறது.

நெடுவேளார் காய்ச்சலில் கிடந்து பதினோராம் நாள் மறைந்தபோது, ஊரார் எதிர்பார்த்தபடி எங்கள் அரசியார் அழவில்லை. ஆட்சிப் பொறுப்பு அன்றைக்கே தோளில் ஏறிவிட்டது. அழ நேரமும் இல்லை, ஒதுங்க இடமும் இல்லை. அழுகைக்குப் பதிலாக உண்டார். பால்சோறு, நெய்யப்பம், மந்திரிமார் போனபின் ஒரு தட்டு, அடுத்த மந்திரி வருமுன் ஒரு தட்டு. நான்கு ஆண்டில் பல்லக்குத் தூக்குவோர் நால்வர் எண்மரானார்கள். கொலுமண்டபத்தின் ஒன்பது படிகளை ஏற மூன்று முறை நின்று மூச்சு வாங்கினார். மருத்துவச்சி நல்லிசையார் நாடி பார்த்துவிட்டு, தம்மிடம் சூரணம் நிறைய உண்டென்றும், பயன்தான் இல்லையென்றும், தனியாகத் தின்று பெருத்த உடம்பு தனியாக இளைக்காது, துணைக்கு ஆள் சேர்க்க வேண்டுமென்றும் ஒளிவு மறைவின்றிச் சொன்னார்.

அப்படிப் பிறந்தது மெலிவார் அவை. உடம்பு பெருத்த ஒன்பது பேர் அதில் இருந்தார்கள். அரசியார் ஒருவர். யானைப்படைத் தலைவர் மலைக்காரி ஒருவர். மடைப்பள்ளித் தலைவர் உலகன் ஒருவர். ஊரார் ஐவர். ஒவ்வொரு நாளும் உச்சிப்பொழுதில், முந்தின உச்சி முதல் என்ன உண்டோம், எங்கே உண்டோம், யாரோடு உண்டோம், அப்போது மனம் எப்படி இருந்தது என்பதை ஒவ்வொருவரும் ஓரேட்டில் எழுத வேண்டும். ஏடுகள் ஒரு மூங்கில் குழாயில் வீடு வீடாகச் சுற்றி, எல்லோரும் படித்தபின், அரண்மனை ஓலைகளை எழுதிக் காக்கும் ஓலைநாயகத்திடம் வந்து சேரும். முழுநிலா நாளில் உப்பளத்துப் பெரிய துலாக்கோலில் ஏறி நிறுத்துப் பார்த்துக்கொள்வார்கள். அவையில் சேரும் நாளில் ஒரு பிடி உப்பின்மேல் கைவைத்து, இங்கே படித்ததை வெளியே சொல்வதில்லை என்றும், இங்கே யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை என்றும் ஆணையிட வேண்டும். துரும்பாய் இளைத்த உடம்புக்காரரான ஓலைநாயகமும் அந்த ஆணையை இட்டவர்தாம்.

அந்த ஏடுகளைத் தாங்கள் படித்திருந்தால் தங்களுக்கே ஆசை வந்திருக்கும். இருவர் ஏடுகளை மட்டும் அவர்கள் இசைவோடு இங்கே சொல்கிறோம். யானைக்குக் கவளம் ஊட்டும்போது அதற்கொன்று தமக்கொன்று என்று கை தானாகப் போய்விட்டதாக மலைக்காரி எழுதுவார். உப்புப் பார்க்கிறேன் பேர்வழி என்று நான்கு கரண்டி இறங்கிவிட்டதாக உலகன் எழுதுவார். ‘நாளைக்கு மூன்று கரண்டி பாருங்கள் அண்ணா’ என்று பேரரசியார் கைப்பட மறுமொழி எழுதுவார். பட்டமும் விருதும் அந்தக் குழாய்க்குள் நுழைவதில்லை. அங்கே அவர் எல்லோருக்கும் ‘அக்கா’. முடி சூடிய நாள் முதல் அவரை அக்கா என்று அழைத்தவர்கள் இந்த எண்மர் மட்டுமே. ஒன்பது படியையும் நிற்காமல் ஏறிய நாளன்று அவர் அதை மந்திரிசபையில் சொல்லவில்லை, ஏட்டில்தான் எழுதினார்.

ஒன்பதாமவர் தங்கள் தூதர் ஆலங்கொற்றனார். எங்கள் வாயில்களில் பக்கவாட்டாக நுழைந்துகொண்டிருந்த அவர், தம்மையும் சேர்த்துக்கொள்ள வேண்டினார். வேவு பார்க்கத்தான் வந்தார் என்பது இப்போது தெரிகிறது. முதல் இரண்டு மாதம் கஞ்சி என்றும் மோர் என்றும் எழுதினார். துலாக்கோலோ வேறு கணக்குச் சொன்னது. ஒருவரும் சிரிக்கவில்லை. உலகன் மட்டும் அருகில் போய், ‘உள்ளே என்ன அரிக்கிறது தம்பி?’ என்று கேட்டார். தூதர் உப்புமூட்டைமேல் உட்கார்ந்து ஒரு நாழிகை அழுதார். அன்று முதல் அவர் பொய் எழுதவில்லை. எட்டு வீசை இளைத்தார். ஆண்டுக்கு இருமுறை தங்கள் நாட்டுக்கு வந்து தங்கும்போதும், அங்கே உண்டதையெல்லாம், எங்கே, யாரோடு என்பது உட்பட, உப்போடங்களில் தவறாமல் எழுதி அனுப்பினார். இந்த வரியைத் தாங்கள் இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்பது நல்லது.

இதே மனிதர்தான் அரசியாரின் ஏடொன்றைப் படியெடுத்துத் தங்கள் கையில் கொடுத்தார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்பின்மேல் கைவைத்தவரே மறந்துபோனார். அந்த ஏட்டில் இருந்தது இவ்வளவே: ‘இன்று அவர் பிறந்த நாள். அவருக்குப் பிடிக்குமே என்று அதிரசம் சுடச் சொன்னேன். இலை போட்டுப் பரிமாறியபின்தான் உண்ண ஆளில்லை என்பது உறைத்தது. வீணாக்க மனம் வரவில்லை. பதினேழும் நானே தின்றேன். நாளை முதல் ஒழுங்காக இருக்கப் பார்க்கிறேன்.’

இதைத் தங்கள் விகடகவி வயிற்றில் தலையணை கட்டிக்கொண்டு, பெண்குரலில் வாசித்தான். ஒவ்வோர் அதிரசத்துக்கும் ஒரு முறை முரசு கொட்டினார்கள். அரசியார் உடன்படிக்கைக்கு ஆறு கடந்து வருவதானால் இரண்டு ஓடங்களைச் சேர்த்துக் கட்டி வைக்கச் சொல்லுங்கள் என்று தாங்கள் திருவாய் மலர்ந்தீர்கள். தங்கள் தம்பியார் தொடையில் தட்டிச் சிரித்தார். மாமனார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். படைத்தலைவர் விக்கிக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். எங்கள் உப்பு வணிகர் தலைவர் அதே பந்தியில் இருந்தார். அவர் இலையை மூடிவிட்டு எழுந்து நேரே ஊர் வந்து சேர்ந்தார்.

செய்தி கேட்ட அரசியார் உச்சிப்பொழுதில் மூங்கில் குழாய் வருவதற்காகக் காத்திருந்தார். வந்தது. தம் ஏடும் வெளியே போய்விடும் என்று அஞ்சியோ என்னவோ, ஆறு ஏடு வெறுமையாக இருந்தது. மலைக்காரியின் ஏட்டில் மட்டும், ‘பேரரசியார் திருமுன். உணவு உண்டேன். நலம்.’ என்று இருந்தது. அரசியார் அதை மூன்று முறை படித்தார். அக்கா என்ற சொல்லை ஏட்டின் பின்புறமும் திருப்பிப் பார்த்துத் தேடினார். முரசு கொட்டியதைக் கேட்டபோது கலங்காத கண்கள் அப்போது கலங்கின. தாங்கள் பறித்தது அவருடைய மானம் என்று தாங்கள் எண்ணியிருக்கலாம். மானம் அரசர்க்குத் திரும்பக் கிடைக்கும். தாங்கள் பறித்தது அவருக்கு வாய்த்த எட்டு உறவுகளை.

மறுநாள் மந்திரிசபை கூடியது. மலைக்காரி வாளை அவிழ்த்து முன்னே வைத்து, ஒரு சொல் போதும், ஆறு நாளில் கடம்பைக் கோட்டைக் கதவை நம் யானைகள் முட்டும் என்றார். நான் தின்ற அதிரசத்துக்காக எவள் பெற்ற பிள்ளையும் சாக வேண்டாம் என்று அரசியார் மறுத்தார். ஆனால் மன்னிப்பதாகவும் அவர் சொல்லவில்லை. பழி வாங்கியே தீர வேண்டும், அதற்கு ஒரு சொட்டு இரத்தமும் ஆகக்கூடாது என்றார்.

அதற்கு வழியைத் தங்கள் தூதரே கொண்டுவந்தார். குட்டு உடைந்ததை அறிந்து ஓடிவந்து, கொலுமண்டபத்துக் கடைசிப் படியில் விழுந்து, ‘தாயே, என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள், என் ஏடுகளை மட்டும் எரித்துவிடுங்கள்’ என்று கெஞ்சினார். சபையில் அத்தனை பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் அது விளங்கவில்லை. உயிரைவிட ஏடு பெரிதா என்று விழித்தார்கள். அரசியாருக்கு மட்டும் விளங்கியது. ஓலைநாயகத்தைப் பார்த்தார். ஓலைநாயகம் தூதர் எழுதிய முந்நூற்றுப் பதினோர் ஏடுகளையும் கட்டாகக் கொண்டுவந்து வைத்தார். முன்பு நாளுக்கொன்றாகப் படித்தவற்றை அரசியார் இப்போது ஒருசேரப் படித்து, இருபத்திரண்டு ஏடுகளைத் தனியே எடுத்து, அவற்றை மட்டும் மறுமுறை படித்தார். செய்தி வந்த நாளுக்குப் பின் அவர் முகம் தெளிந்தது அப்போதுதான். தூதரின் முகத்தில் ஈயாடவில்லை.

ஆயினும் உப்பின்மேல் இட்ட ஆணை ஆணையே. அதனால் மருத்துவச்சி நல்லிசையாரை அழைத்து முறை கேட்டார்கள். என்ன உண்டார், எங்கே உண்டார், யாரோடு உண்டார், உண்ணும்போது என்ன பேசி மனம் கலங்கினார் என்ற நான்கையும் சொல்லக்கூடாதென்றும், ஏடுகள் எத்தனை என்று சொல்வதற்குத் தடையில்லையென்றும் அவர் தீர்ப்புச் சொன்னார். தீர்ப்பைச் சொல்லும்போது அந்த அம்மையார் உதட்டைக் கடித்துக்கொண்டார். அவையில் சிரிக்கக்கூடாது அல்லவா?

ஆகவே மாமன்னர் அறிக. தாங்கள் அஞ்ச வேண்டிய ஏடுகள் இருபத்திரண்டு. எல்லாம் தங்கள் நாட்டில் இருந்த நாட்களில் எழுதப்பட்டவை. தங்கள் பந்தியில் வலப்புறம் அமர்பவர் அவற்றில் வருகிறாரா, இடப்புறம் அமர்பவர் வருகிறாரா, தொடை தட்டியவரா, விக்கியவரா, கண்ணீர் வரச் சிரித்தவரா என்று நாங்கள் சொல்லப் போவதில்லை. ஒருவேளை மூவருமே குற்றமற்றவர்களாக இருக்கலாம், பரிமாறுகிறவராகவும் இருக்கலாம். பொன் கொடுத்துக் கேட்டாலும் படையோடு வந்து கேட்டாலும் சொல்லமாட்டோம். தாங்கள் உப்பின் ஆணையை மதிக்காதவர். எங்களுக்கு அந்த விடுதலை இல்லை.

இவ்வோலையைச் சுமந்து வருபவர் ஆலங்கொற்றனாரே. வழி தவறிவிடாதபடி நாற்பது வேலர் ஆற்றங்கரை வரை துணை வருவார்கள். அக்கரையில் தங்கள் காவலர் ஏற்றுக்கொள்வார்கள். அவர்மேல் இங்கே ஒரு நகக்கீறலும் படவில்லை. தாங்கள் அவரைக் கொன்றால், விடை சொல்லக்கூடிய ஒரே வாய் அடைந்துபோகும். கொல்லாமல் கேட்டால், அவர் ஒரு பெயரைச் சொல்வார். உப்பின்மேல் கைவைத்துச் சொன்னதையே காற்றில் விட்டவர் அடிக்குப் பயந்து சொல்லும் பெயரைத் தாங்கள் நம்புவதா, விடுவதா என்பது தங்கள் பாடு. அவரை இப்படிப் பழக்கியவர் தாங்களே.

இனித் தங்கள் உணவைப் பற்றி. இன்றிலிருந்து ஒவ்வொரு கவளத்தையும் தாங்கள் பிறருக்குக் கொடுத்துப் பார்த்தபின்தான் வாயில் வைப்பீர்கள். விருந்து குறையும். யாரோடு அமர்வது என்று யோசித்து யோசித்துச் சோறு ஆறிப்போகும். தாங்கள் இளைப்பீர்கள், மாமன்னரே. எங்கள் அவையில் எவரும் இளைக்காத வேகத்தில் இளைப்பீர்கள். என்ன ஆயிற்று என்று கேட்டு ஒரு வரி எழுத அங்கே ஒரு மனிதரும் இருக்கமாட்டார். எழுதினாலும் தாங்கள் நம்பமாட்டீர்கள். இது வாழ்த்தன்று, பழி. வேறு பெயர் சூட்டி அனுப்ப அரசியார் விரும்பவில்லை.

இவ்வோலையை எழுதும்போது எழுத்தாணி அழுந்தி இரண்டு ஏடுகள் கிழிந்து, மூன்றாம் ஏட்டில் எழுதி முடித்தவர், புன்னைத்துறை ஓலைநாயகம் இளஞ்சேரி மூவன். அறிந்து சான்றானவர்கள் மருத்துவச்சி நல்லிசை, மலைக்காரி, உலகன். சான்றிடும்போது மலைக்காரி, ‘முடிவை இன்னும் கொஞ்சம் காரமாக எழுதச் சொல்லுங்கள் அக்கா’ என்றார். அரசியார் அந்தக் கடைசிச் சொல்லை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு கீழுள்ள ஆணையைத் தம் கைப்பட எழுதி, புன்னைமலர் முத்திரையை அரக்கில் பதித்தார்.

ஆணை: இவ்வோலை தனியறையில் படிக்கப்படலாகாது. அதே மண்டபத்தில், அதே பந்தியில், தம்பியார், மாமனார், படைத்தலைவர் எல்லோரும் இலைமுன் அமர்ந்திருக்க, அதே விகடகவி உரக்க வாசிக்க வேண்டும். மறைத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். அன்று சிரித்த ஐந்து நாட்டுக்கும் இதன் படிகள் இதனோடே புறப்படுகின்றன. வாசித்து முடிந்ததும் பந்தியில் யார் முதலில் தண்ணீர் கேட்கிறார் என்று தாங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.