நிறுத்தச் சொன்ன பிறகும் ஓடிய கேமரா

என் செல்லத் தம்பி தானியேலுக்கு, கோபம் இன்னும் ஆறாத உன் அக்கா எழுதுவது.

நீ செத்து ஒரு வருஷம் ஆகிறது. செத்து என்றுதான் எழுதுகிறேன். கர்த்தருக்குள் நித்திரையடைந்ததெல்லாம் கல்லறைத் தோட்டத்துக் கல்லோடு இருக்கட்டும். ஊருக்கு நெஞ்சுவலி என்று சொன்னோம். பெரியப்பாதான் அப்படிச் சொல்லச் சொன்னார். பாளையங்கோட்டை முழுக்க நம்பியதுபோலத் தலையாட்டியது. நீயாகத்தான் போனாய் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன், இனி யாரும் கஷ்டப்பட்டு நடிக்க வேண்டாம்.

போன மாதம் உனக்கு நினைவுக்கூட்டம் நடந்தது. உன்னைப்போல ஆவணப்படம் எடுக்கிற நண்பர்கள் சென்னை, மதுரை என்று எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, நீ உன்னையே உருக்கி உலகத்துக்கு வெளிச்சம் கொடுத்தாய் என்றார். நீ என்ன மெழுகுவர்த்தியா? தூக்கம் கெட்டு, சோறு இறங்காமல் நீ பாதி ஆளாகிக்கொண்டிருந்ததை அவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். "தானியேல் படத்துக்குள்ளயே வாழுதான்" என்று பெருமை வேறு பேசினார்கள். ட்ரோன் கீழே விழுந்தபோது பதறிப்போய் அன்றைக்கே ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள்தானே? உன்னை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்து அதை நாய் படுக்கிற சாக்குக்கு மேல் விரித்துவிட்டேன். அது நன்றாகத் தூங்குகிறது.

நீ கடைசியாக எடுத்துக்கொண்டிருந்தது, சாதிக் கொலையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த அம்மாக்களைப் பற்றிய படம். வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? ஆற்றங்கரை ஊர்களில் வீடு வீடாகப் போய் உட்கார்ந்தாய். மற்றவர்கள் பேட்டி முடிந்ததும் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நீ ஒவ்வொரு அம்மாவிடமும் உன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தாய். சாயங்காலமானால் போன் அடிக்கும். மாடிக்குப் போய்ப் பேசுவாய். இறங்கி வரும்போது முகத்தில் ரத்தமே இருக்காது. அவர்கள் எல்லோரும் உன்னிடம் இறக்கி வைத்தார்கள். நீ எங்கே இறக்கி வைத்தாய், தானி?

அந்த போன் இப்போது என்னிடம் இருக்கிறது. நீ போன இரண்டாவது வாரம் சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். "எய்யா, சாப்பிட்டியா?" என்றார். நான் உன் அக்கா என்று சொல்லி, நடந்ததையும் சொன்னேன். பிறகு கேட்டார்: "எங் கதையக் கேட்டுக் கேட்டுத்தான் அந்தப் புள்ள போச்சா? அப்ப நான் அடுத்தவ புள்ளயக் கொன்னுட்டனா தாயீ?"

உன் சாவை யார் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய், பார்த்தாயா? மகனை வெட்டுக்குப் பறிகொடுத்தவளின் தலையில். "அப்படிச் சொல்லாதீங்கம்மா, உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்று நான் உட்கார்ந்து அவரைத் தேற்றினேன். என்னைத் தேற்ற ஆளில்லாத வீட்டில்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் காலையில் சுடலை வந்தான். முக்கூடல் சுடலைமுத்து, உன் கேமராமேன். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, "யக்கா, ஒண்ணு காட்டணும். பாத்துட்டு நீங்கதான் சொல்லணும்" என்றான்.

உன் குழுவுக்கு நீ ஒரு சட்டம் போட்டிருந்தாயாமே. அதையும் அவனே சொன்னான். "ஆள் அழ ஆரம்பிச்சா கேமராவ நிப்பாட்டாதலே. அவங்களே நிப்பாட்டச் சொன்னாலும் நிப்பாட்டாத. பெறவு போட்டுக் காட்டிக் கேப்போம், வேண்டாம்னா அவங்க முன்னாலயே அழிச்சிருவோம்." கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! அழுகிறவர்களுக்கு உரிமையெல்லாம் அழுது முடித்த பிறகுதான்.

அவன் காட்டியதில் நீ இருந்தாய். முக்கூடல் படித்துறையில், கடைசிப் பேட்டி முடிந்து வந்த சாயங்காலம். ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தவன் திடீரென்று அழ ஆரம்பித்தாய். அப்பா செத்தபோதுகூட நீ அப்படி அழுது நான் பார்த்ததில்லை. "என்னால இதுக்கு மேல முடியாதுலே" என்றாய். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி, "நிப்பாட்டுலே சுடலை. அதக் கீழ வச்சிட்டு இங்கன வந்து உக்காரு" என்றாய்.

அவன் வரவில்லை. கேமராதான் உன் முகத்துக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தது.

"அண்ணன் சொல்லிக் குடுத்ததத்தான் செஞ்சேன்" என்றான் சுடலை. "படத்த இதோட முடிக்கணும்ங்காங்க எல்லாரும். இதவிட உண்மையான ஷாட் கெடையாதாம். அண்ணன்ட்ட கேக்க முடியாது. அதான் உங்ககிட்ட கேக்க வந்தேன்."

"வேண்டாம். அழி" என்றேன். வேறு யாரிடமும் அது இல்லையாம். என் முன்னாலேயே அழித்தான், உன் சட்டப்படி. அழித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எடுத்த படங்களிலெல்லாம் நீ கேமராவுக்குப் பின்னால்தான் நின்றாய். நீ அசைந்து பேசின காட்சி என்று உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான். அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன்.

திரும்பி வந்தால் சுடலை எழுந்திருக்கவில்லை. ஒன்றுமில்லாத திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது போயிட்டு யக்கா. சத்தம் போக மாட்டேங்கே. கண்ண மூடினா அண்ணன் கூப்பிடுதாரு. கல்யாண வீட்டுக்குப் படம் எடுக்கப் போனேன். பொண்ணு அழுதா, கேமராவக் கீழ வச்சிட்டேன். பாதியில வந்துட்டேன்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அண்ணன் போன மாதிரியே போயிரலாமான்னு வருது."

உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. நல்லா அனுபவி என்றுதான் நினைத்தேன். உனக்குக் கிடைக்காத தூக்கம் இவனுக்கு மட்டும் எதற்கு? அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தேன். மாடியிலிருந்து இறங்கி வருவாயே, அதே முகம். அதற்கு மேல் சந்தோஷப்பட முடியவில்லை. அதற்காகவும் அவன் மேல் எரிச்சல்தான் வந்தது.

"எந்திலே" என்றேன். "எங்கக்கா?" என்றான். "எங்கயோ. பேசாம வா."

ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் பெரியப்பா போன் செய்தார். விஷயத்தைச் சொன்னதும், "அங்கயெல்லாம் எதுக்கும்மா? ஜெபம் பண்ணினா சரியாயிரும்" என்றார். "நீங்க பண்ணுங்க பெரியப்பா, நாங்க டாக்டரையும் பாத்துக்கிடுதோம்" என்று வைத்துவிட்டேன்.

டாக்டர் சின்னப் பெண். சுடலை சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள். சாவைப் பற்றி நினைக்கிறாயா என்று நேராகவே கேட்டாள். அவன் ஆமாம் என்றான். அவள் பதறவில்லை. "சொன்னது நல்லது. இதுக்கு வைத்தியம் இருக்கு. மருந்து தாரேன், வாரா வாரம் வந்து பேசுங்க. தனியா மட்டும் இருக்காதீங்க" என்றாள், சளிக்கு வந்தவனிடம் சொல்வதுபோல.

எனக்கு வயிறு எரிந்தது, தானி. இவ்வளவுதானா? நம் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம். அந்த நாற்காலியில் உன்னை உட்கார வைத்திருந்தால் நீ இருந்திருப்பாயா? தெரியாது என்று டாக்டர் சொல்வாள். எனக்கும் தெரியாது. ஆனால் ஒருமுறைகூட உட்கார வைக்கவில்லையே.

உன் பெயரில் விருது கொடுக்கப்போகிறோம் என்று உன் நண்பர்கள் துள்ளுகிறார்கள். விருது மயிரெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் வாயில் இப்படி வரலாமா என்று திகைத்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் வண்டிக்கு, சாப்பாட்டுக்கு, ட்ரோனுக்கு ஒதுக்குகிறீர்கள் அல்லவா, எடுக்கிறவனின் மனசுக்கும் ஒரு டாக்டரை ஒதுக்குங்கள் என்றேன். யோசிக்கிறோம் என்றார்கள். யோசிக்கட்டும். அதுவரை படம் முடித்து வருகிற யாருக்காவது தூக்கம் வரவில்லை என்று காதில் விழுந்தால், சட்டையைப் பிடித்து நானே கூட்டிக்கொண்டு போவேன்.

கிளம்பும்போது நர்ஸ் சீட்டில் எழுதுவதற்காகக் கேட்டாள். "கூட வந்தவங்க என்ன உறவு?"

"அக்கா" என்றேன்.

"கூடப் பொறந்தவங்களா?"

"ஆமா" என்றேன். சுடலை என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

உன் அக்காவை அவனுக்கு உன்னிடம் கேட்காமல்தான் கொடுத்தேன். கேட்கிற தூரத்திலா இருக்கிறாய்? வாரா வாரம் அவனைக் கூட்டிக்கொண்டு போவேன், மாத்திரையை முழுங்குகிறானா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். இது சத்தியம். பாசம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, மன்னிக்கவும் இல்லை. அவனைத் திட்டித் தீர்க்க எனக்கு இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது. அதற்கு அவன் உயிரோடு இருக்க வேண்டும். உன்னைத்தான் திட்டக்கூட முடியாமல் நிற்கிறேன்.

இப்படிக்கு,
உனக்கு மட்டும் அக்காவாக இருந்த,
எஸ்தர்