தாண்டவராயன் மூச்ச திருப்பி வை

அன்பு மவ கலைவாணிக்கு, அப்பன் சடையன் சொல்லச் சொல்ல உன் அண்ணி இளவரசி எழுதறது. இங்க நானு, உங்கம்மா, உன் அண்ணன் வீரன் எல்லாரும் நல்லா இருக்கறோம். அயர்லாந்துல நீ எப்படி இருக்கறன்னு கேக்கற மனசு இப்ப எனக்கு இல்ல, ஆனாலும் கேட்டுட்றேன், நல்லா இரு. போன்ல பேசினா மலைமேல பாதியில அறுந்துபூடுது. பேச்ச பதிஞ்சி அனுப்பினா நீ ரெட்ட வேகத்துல ஓடவுட்டு கேக்கறியாம், வீரன் சொன்னான். பெத்த அப்பன் பேச்ச கோழி வெரட்டற மாதிரி வெரட்டிக் கேக்கறவளுக்கு கடுதாசிதான் சரி. இளவரசி கையெழுத்த மெதுவாத்தான் படிக்க முடியும், அதுவும் நல்லதுக்குத்தான். இன்னிக்கே போட்டோ புடிச்சி அனுப்புது, தாளு பின்னால தபால்ல வரும். உங்கம்மாவுக்கு முட்டி வலி கொறையல, நீ அனுப்பின தைலத்த மாட்டுக்குப் போட்டுட்டா, மாடு நல்லா நடக்குது. சாமை வெதைக்க இன்னும் ஒரு மழ வேணும்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். நர்சு வேல போவ மிச்ச நேரத்துல கிட்டாரு வாசிக்கிறேன், அதுக்குப் பேரு புளூஸு, வாயால யாரும் பாடமாட்டாங்க, வாத்தியந்தான் பாடும்னு சொன்ன, சரி. பாட்டுக்கு ஒரு விருந்தாளிய வாசிக்க வெக்கிறேன்னு சொன்ன, அதுவும் சரி. கண்ணமங்கலம் பேண்டு செட்டு தாண்டவராயன் சித்தப்பா கிளாரினெட்டு வேணும், நீ போய்க் கேளுப்பான்னு சொன்னது யாரு? நீதானே? நான்தானே பஸ் ஏறிப் போய் அவன் வூட்டு வாசல்ல நின்னேன்? அவன் போன வருசம் நெஞ்சுல சளி கட்டி பத்தொம்பது நாள் ஆஸ்பத்திரில கெடந்தவன், கல்யாண ஊர்வலத்துக்கே பாதி நாள் போறதில்ல. இருந்தும், கலைவாணி கேட்டுச்சா, வர்றேண்ணேன்னு ஒரே சொல்லுதான் சொன்னான். வீரன் கல்யாணத்துக்கு மழையில ரோடு அறுந்து, அடிவாரத்து அமிர்தியிலருந்து கிளாரினெட்டுப் பொட்டிய தலையில வச்சி துண்டால மூடிக்கினு நடந்து வந்தவன் அவன். நீ அப்ப ஏழாவது படிக்கிற, அந்தப் பொட்டிய வாங்கி அடுப்புப் பக்கத்துல காய வச்சவ நீதான். நீ மறந்திருப்ப, நான் மறக்கல.

பங்குனி ரெண்டாவது செவ்வாக்கெழம நம்ம வூட்டுக்கு வந்தான். ஆட்ட மேலக்காட்டுக்கு ஓட்டிட்டு, கோழிய கூடையில கவுத்து, சன்னலுக்குக் கம்பளி கட்டி, ஃபேன நிறுத்தி, உங்கம்மாள மூச்சு வுடாதன்னு சொன்னேன். நான் செத்தப்புறம் பதிவு பண்ணிக்கோன்னுட்டு எழுந்து போய்ட்டா. நீ அனுப்பின மைக்க வீரன் புடிச்சான். நீ வாசிச்சி அனுப்பின கிட்டார காதுல மாட்டிக் கேட்டுக்கினு தாண்டவராயன் மூணு தடவ ஊதினான். மூணாவதுல, முடியற எடத்துல, ஒரு சொரத்த நீளமா இழுத்தான் பாரு, இழுக்கும்போதே மூச்சு ஒடஞ்சிச்சு. நின்னுட்டான். நான் பயந்து எழுந்துட்டேன். கையக் காட்டி உக்காரச் சொல்லிட்டு, மூச்ச வாங்கி, அதே எடத்தத் தேடிப் புடிச்சி, தாழ்வா, நிதானமா முடிச்சான். காதுல இருந்தத கழட்டிட்டு, இதான்ணே என்னுது, இத அனுப்புன்னான். மத்த ரெண்டும் சுத்தமா வந்திருந்துச்சு, அது வேணான்னுட்டான். அவன் வாயால சொன்னான், கேட்டியா.

நீ இன்னா பண்ணின? அவன் மூச்சு ஒடைஞ்ச எடத்துல உன் கிட்டார கொண்டாந்து மேல போட்டு, அவன் முடிச்சத வெட்டிட்டு, நீயே வாசிச்சி முடிச்சிட்ட. நம்மூரு கோயில்ல வெளியூரு செட்டு வந்தா, நம்ம ஆளுங்க மேளத்த மொதல்ல நிறுத்திடுவாங்க, வந்தவன் வாத்தியந்தான் கடைசியா ஓயணும். நீ சின்ன வயசுல என் தோள்மேல ஒக்காந்து பாத்ததுதானே? வீரன் ஒரு கூறுகெட்டவன், அந்தப் பாட்ட கண்ணமங்கலத்துல பேண்டு ஆளுங்க சுத்தி நிக்கும்போது போட்டுக் காட்டியிருக்கான். தாண்டவராயன் முழுசா கேட்டுட்டு, பொண்ணு என் ஓட்டைய நல்லா அடைச்சிடுச்சுன்னு சொல்லிட்டு, போன வீரன் கையில திருப்பிக் குடுத்துட்டானாம். அன்னிக்கு பொட்டிய பரண் மேல ஏத்தினவன் பதினோரு நாளா எறக்கல, நம்ம ஆடித் திருவிழாவுக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுன்னு பொஞ்சாதி ரத்தினம்மாகிட்ட சொல்லியிருக்கான். அந்தப் பொம்பள புருசன் இப்படி ஆனான்னு என்கிட்ட போன்ல அழுவுது. நான் இன்னா பதில் சொல்றது, என் பொண்ணு கெட்டிக்காரி, ஓட்ட தெரியாம தச்சிட்டான்னு சொல்லவா?

உன்னக் கேட்டா, அவரு மூச்சு தடுமாறினத நாலு பேரு கொற சொல்லக்கூடாதுன்னுதான் மூடினேன்ப்பான்னு சொல்ற. மூடறதுன்னா பொணத்தத்தான் மூடணும். அந்த ஊரு டிரம்மு அடிக்கிறவரு வாசிச்சதுல கொஞ்சம் வெட்டலாமான்னு டீ வாங்கிக் குடுத்து கேட்டேன்னு நீதான் சித்திரையில சொன்ன. அவருக்கு டீ, தாண்டவராயனுக்குக் கத்திரியா? தனக்கு மூச்சு ஒடைஞ்சது அவனுக்குத் தெரியாதா? தெரிஞ்சிதான் அத அனுப்பச் சொன்னான். ஒடைஞ்சப்புறமும் வாசிச்சேன்றதுதான் அவன் உனக்குக் குடுத்தது. நீ அதுல ஒடைஞ்சத மட்டும் பாத்துட்ட. இளவரசி இத எழுத வேணாம் மாமா, கோவமா இருக்குதுன்னுது. கோவந்தான், எழுதுன்னுட்டேன்.

வர்ற பதினஞ்சாந் தேதி பாட்ட வெளிய வுடப்போறியாம். அதுக்குள்ள அந்த எடத்த பழையபடி வை. உன் ஆஸ்பத்திரில ஒருத்தரு மூச்சு வாங்க முடியாம நின்னா, கையப் புடிச்சிக்கினு அடுத்த மூச்சு வர்ற வரைக்கும் பக்கத்துல நிக்கிறவதானே நீ? அதையே இங்கயும் செய். உன் கிட்டாரு அங்க சும்மா நிக்கட்டும். மூச்சு வரும். வந்துச்சு, நான் பக்கத்துல இருந்து பாத்தவன். மாத்தினத யாருக்கும் அனுப்பாத, வீரனுக்கும் வேணாம். நீயே சித்தப்பாவுக்குப் போன் பண்ணி கேக்க வை. முடிஞ்சதும் அவன் ஒடனே பேசமாட்டான், லைன் அறுந்துபோச்சுன்னு நெனச்சி அலோ அலோன்னு கத்தாத. சும்மா இரு. அவனா பேசட்டும்.

குளிருக்கு காலுறை போடாம திரியாத, ரொட்டிய மட்டும் தின்னுட்டு வேலைக்கு ஓடாத. நம்ம அம்மன் உனக்கு நீண்ட ஆயுச குடுக்கட்டும், கை கால் சொகத்தோட, கொஞ்சம் பொறுமையையும் சேத்துக் குடுக்கட்டும். உங்கம்மா திட்டினதா சொல்லச் சொன்னா. போன் பண்ண மறக்காத, எனக்கு அப்புறம் பண்ணிக்கலாம், மொதல்ல அவனுக்கு.

இப்படிக்கு,
உன்ன தோள்மேல தூக்கின அப்பன்
சடையன்
(கைநாட்டு)